ஓவர்ஹாலுக்குத் தலையாட்டும் முன் பிரீதரைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கார் 850 வீவா, மேனுவல் கியர், இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. வால்வு கவரைச் சுற்றி எஞ்சின் ஆயில் கசிகிறது. கேஸ்கெட் மாற்றினார், சில மாதத்தில் மறுபடியும் அதே கசிவு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஐடல் ஏறி இறங்குகிறது. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பினாங்கு தண்ணீர்மலைக்குப் போனபோது புக்கிட் பெராப்பிட் மேட்டில் பின்னால் நீலப் புகை தெரிந்ததாம். பட்டறையில் "ரிங் போயிருச்சு, ஓவர்ஹால்தான்" என்று சொல்லிவிட்டார்கள், அதாவது எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்ய வேண்டுமாம். உண்மையா அண்ணே என்று கேட்கிறார்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போயிருக்கலாம் தம்பி. இரண்டு லட்சம் ஓடிய எஞ்சினுக்கு அது அதிசயமில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகளில் ஒன்றுகூட ரிங் போனால் மட்டுமே வருவது கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எஞ்சினின் அடிவயிற்றில், அதாவது கிராங்க் கேஸுக்குள், அழுத்தம் கூடியிருக்கிறது என்று தெரிகிறது. அது கூடுவதற்கு இரண்டு காரணம் உண்டு. உள்ளே வாயு அளவுக்கு மீறி வரலாம், அல்லது வழக்கமாக வரும் வாயு வெளியேற வழியில்லாமல் போகலாம். முதலாவது என்றால் ரிங், சிலிண்டர், பெரிய செலவு. இரண்டாவது என்றால் பிரீதர், அதாவது அந்த வாயு வெளியேறும் பாதை, அடைத்திருக்கிறது. ஒரு வால்வு, இரண்டு ஹோஸ், ஒரு மதியப் பொழுது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் பட்டறையில் பிரித்துப் பார்த்ததாக உங்கள் கேள்வியில் ஒரு வரியும் இல்லை. பார்த்திருந்தால் கம்ப்ரெஷன் எண்களை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்பதை, உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

எனக்குச் சந்தேகம் வருவது அந்தப் புதுக் கேஸ்கெட்டில்தான். ஒழுங்காகப் போட்ட கேஸ்கெட் சில மாதத்தில் கசியாது. மூக்கைப் பொத்தினால் வாய் திறக்கும் என்பார்களே, அப்படித்தான். பிரீதர் அடைத்துக்கொண்டால் வாயு வேறு வழி தேடும். வால்வு கவர் கேஸ்கெட், கேம் சீல், கிராங்க்கின் முன்சீல், பின்சீல், டிப்ஸ்டிக் என்று எது பலவீனமோ அங்கே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய கான்சில் காராக இருந்தால் அதன் ஓ-ரிங்கும் இந்தப் பட்டியலில் உண்டு. கசிந்த இடத்தை மட்டும் அடைத்தால் அடுத்த பலவீனமான இடம் திறக்கும். "எல்லா சீலும் மாத்தியாச்சு, இன்னும் ஒழுகுது" என்று வருகிற கார்களில் நான் முதலில் பார்ப்பது சீலை இல்லை, பிரீதரை.

அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் சோதனைகள் தானாகப் புரியும். ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக நழுவிக் கீழே இறங்கத்தான் செய்யும். புளோ-பை என்பது இதுதான். அதில் எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, கரி எல்லாம் கலந்திருக்கும். மாரிஸ் மைனர் காலத்து எஞ்சின்களில் ஒரு குழாயைக் கீழே நீட்டி அப்படியே ரோட்டில் விட்டுவிடுவார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் காற்று மாசுக்கு எதிராக விதி வந்தது. அதன் பிறகு அந்த வாயுவை எஞ்சினே திரும்ப இழுத்து எரிக்கும் முறை உலகம் முழுக்கப் பரவியது.

இன்றைய சிறிய பெட்ரோல் கார்களில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு ஹோஸ் இருக்கும். ஒன்று வால்வு கவரிலிருந்து, இந்த வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் பிசிவி வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும், அதாவது பெடலை மிதித்தால் திறக்கும் திராட்டிலுக்குப் பின்னால். இன்னொன்று வால்வு கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாய்க்குப் போகும், அதாவது திராட்டிலுக்கு முன்னால். ஐடலில் மேனிஃபோல்டில் வெற்றிடம் பலமாக இருக்கும். அப்போது பிசிவி வால்வின் உள்ளே இருக்கும் சின்ன ஊசி இழுபட்டு வழியைக் குறுக்கிக்கொள்ளும், கொஞ்சம் வாயுதான் போகும். போன வாயுவுக்கு ஈடாக, வடிகட்டிய நல்ல காற்று இரண்டாவது ஹோஸ் வழியாக உள்ளே வரும். மிதமாக ஓடும்போது வெற்றிடம் குறையும், ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி வழியைப் பெரிதாக்கும்.

மேட்டில் பெடலை முழுதாக மிதித்தால் கதை மாறும். மேனிஃபோல்டில் வெற்றிடமே இராது, புளோ-பையோ உச்சத்தில் இருக்கும். வாயு இரண்டாவது ஹோஸ் வழியாகத் தலைகீழாக ஓடி ஏர் ஃபில்டர் பக்கம் வந்து எஞ்சினுக்குள் போகும். அதனால் அந்தக் குழாயின் உட்புறம் லேசாக எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம், எந்தக் காரிலும் இருக்கும். பெட்டியின் அடியில் குளமாகத் தேங்கினாலோ, ஃபில்டர் காகிதம் எண்ணெயில் ஊறியிருந்தாலோதான் கோளாறு. உங்களுடையது இரண்டாம் ரகம்.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து எண்ணெய் அளவைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நம் ஊரில் இது பெரிய வியாதி. மினியாக் ஈத்தாம், அதாவது எஞ்சின் ஆயிலை, கடையில் நான்கு லிட்டர் கேனாக விற்கிறார்கள். இந்த மூன்று சிலிண்டர் எஞ்சின்களுக்குத் தேவை மூன்று லிட்டரை ஒட்டித்தான், சரியான அளவு கார் கையேட்டில் இருக்கிறது. மிச்சத்தை வைத்துக்கொள்ள மனசில்லாமல் முழுக் கேனையும் ஊற்றிவிடுகிறார்கள். அளவுக்கு மீறிய எண்ணெயைக் கிராங்க் அடித்துத் தெறிக்கவிடும், நுரையாக்கும், அது மூடுபனிபோல பிரீதரில் ஏறி ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். சமதளத்தில் நிறுத்தி, அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் வடித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சில கார்கள் இதோடு குணமாகிவிடும்.

அளவு சரி என்றால் அடுத்து ஹோஸ். எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டையும் கழற்றி வளைத்துப் பாருங்கள். சூட்டில் கிடந்து கிடந்து ரப்பர் கட்டியாகி, வளைக்கும்போது நுணுக்கமாக வெடிப்பு தெரியும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத வளைவு. பிசிவி ஹோஸில் வெடிப்பு இருந்தால் மேனிஃபோல்டுக்குள் கள்ளக் காற்று போகும். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சர் வைத்த எஞ்சினில் கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் வைத்த எஞ்சினில் கணினி அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுத்துவிடும், அதனால் ஐடல் ஏறும், பிறகு கணினி இறக்கப் பார்க்கும், மறுபடி ஏறும். உங்கள் ஐடல் ஏறி இறங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பிசிவி வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் இதே ஆட்டம்தான்.

ஹோஸை வாயால் ஊதிப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம், உள்ளே இருக்கும் ஆவி உடம்புக்கு ஆகாது. ஒரு கம்பியை விட்டுப் பார்த்தாலே கறுப்புக் களிம்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பிசிவி வால்வு பெரும்பாலும் வால்வு கவரின் மேலேயே ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகியோ மரை போட்டோ இருக்கும். கழற்றிக் காதருகே குலுக்கினால் டிக் டிக் என்று சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லை என்றால் சிக்கியிருக்கிறது, மாற்றுங்கள். சத்தம் வந்துவிட்டால் நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது, ஸ்பிரிங் தளர்ந்த வால்வும் நன்றாகவே சத்தம் போடும். ஆகவே வால்வை ஹோஸோடு இணைத்தபடி வெளியே எடுத்துவைத்து, எஞ்சினை ஐடலில் ஓடவிட்டு, திறந்த முனையைக் கட்டைவிரலால் மூடுங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும், மூடும் கணத்தில் உள்ளே ஊசி அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும், எஞ்சின் வேகம் லேசாக இறங்க வேண்டும். இழுப்பே இல்லை என்றால் வால்விலோ, ஹோஸிலோ, மேனிஃபோல்டில் அது சேரும் துளையிலோ அடைப்பு. அந்தத் துளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புது வால்வு போட்டும் சரியாகாத கார்களில் கரி அடைத்துக் கிடப்பது அங்கேதான்.

இனி அழுத்தச் சோதனை. பட்டறைகளில் வழக்கமாகச் செய்வது, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்து "பாரு, எப்படி அடிக்குது" என்று காட்டுவது. அதை வைத்து யாரும் ஓவர்ஹாலுக்குச் சம்மதிக்கக் கூடாது. மூடியைத் திறந்ததும் அந்த அமைப்பே மாறிவிடுகிறது. போதாததற்கு உள்ளே சுற்றும் பாகங்கள் காற்றைக் கிளப்பும், மூன்று சிலிண்டர் எஞ்சினில் துடிப்பும் தனித்தனியாகக் கையில் படும். நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும், எண்ணெயும் தெறிக்கும்.

சரியாகச் செய்ய ஹார்ட்வேர் கடையில் இரண்டு மீட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள், மீன்தொட்டிக்குப் போடுவார்களே அந்த மாதிரி. பழைய எண்ணெய் மூடி ஒன்றில் துளை போட்டு, குழாயின் ஒரு முனையைக் காற்றுப் புகாமல் பொருத்துங்கள். குழாயின் மிச்சத்தை ஒரு பலகையில் ப வடிவத்தில், மேலே திறந்தபடி கட்டி, ஒவ்வொரு கையும் முப்பது சென்டிமீட்டராவது உயரம் இருக்கும்படி வைத்து, பாதி அளவுக்குச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். எஞ்சினுக்குள் தண்ணீர் இழுபடாமல் இருக்கத்தான் அந்த உயரம். மூடி கிடைக்காவிட்டால் டிப்ஸ்டிக் குழாயில் பொருத்தலாம் என்பார்கள். சில எஞ்சின்களில் அந்தக் குழாயின் அடிமுனை எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும், அளவு குழப்பும். மூடிதான் நல்லது.

எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, இரண்டு ஹோஸும் இணைந்த நிலையில் ஐடலில் பாருங்கள். இரு பக்கத் தண்ணீரும் ஏறக்குறைய சமமாக, அல்லது எஞ்சின் பக்கம் கொஞ்சம் உயர்ந்து இருக்க வேண்டும். பிறகு ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, வால்வு கவரில் அது சேரும் மூக்கையும் பெட்டியின் துளையையும் தற்காலிகமாக அடைத்துவிடுங்கள். இப்போது உள்ளே புதுக் காற்று வர வழியில்லை, பிசிவி மட்டும் இழுக்கிறது. அரை நிமிடத்தில் எஞ்சின் பக்கத் தண்ணீர் சில சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஏறினால், ஐடலில் வரும் புளோ-பையை பிசிவி சமாளிக்கிறது என்று அர்த்தம். ஏறாமல் திறந்த பக்கம் தண்ணீர் உயர்ந்தால் அழுத்தம் சேர்கிறது. உடனே அடைப்பை எடுத்துவிடுங்கள், வைத்துக்கொண்டே இருந்தால் இருக்கிற சீலும் போகும். எஞ்சின் பக்கம் அளவுக்கு மீறி வேகமாக ஏறினால் பிசிவி வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. எண்ணெய் மூடி கெட்டியாக ஒட்டிக்கொண்டு திறக்க மறுப்பதும், எங்கோ விசில் சத்தம் கேட்பதும் இதன் துணை அறிகுறிகள்.

குழாய் கட்டப் பொறுமை இல்லாதவர்கள் ஏர் ஃபில்டர் பக்கத்தை அடைத்துவிட்டு, எண்ணெய் மூடியின் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே இழுபட்டு ஒட்டினால் நல்லது, பலூனாக உப்பினால் கெட்டது. அளவு தெரியாது, திசை தெரியும்.

இதுவரை செய்ததில் கோளாறு பிசிவி பக்கம்தான் என்று தெரிந்தால், ஏன் அடைத்தது என்று பார்க்காமல் வால்வை மட்டும் மாற்றினால் அடுத்த வருடம் இதே இடத்துக்கு வருவீர்கள். நம் தோட்டத்து வாழ்க்கைக்கும் இந்தக் களிம்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெரும்பகுதி எக்ஸாஸ்டில் போய்விடும், கொஞ்சம் புளோ-பையோடு கீழே இறங்கும். எஞ்சின் நல்ல சூட்டில் இருபது நிமிடம் ஓடினால் அது ஆவியாகி பிரீதர் வழியே போய்விடும். ஆனால் நம் கார்கள் எப்படி ஓடுகின்றன? லயத்திலிருந்து பள்ளிக்கூடம், அங்கே கேட்டுக்கு வெளியே எஞ்சின் ஓட ஏர்கானைப் போட்டுக்கொண்டு காத்திருப்பு, பிறகு சந்தை, கோயில், வீடு. ஒவ்வொன்றும் மூன்று நான்கு கிலோமீட்டர். காலைப் பனியில் ஈரம் வேறு. எஞ்சின் சூடாகும் முன் அணைந்துவிடுகிறது. தண்ணீர் எண்ணெயோடு கலந்து, கரியும் பெட்ரோலும் சேர்ந்து, பழுப்பு வெண்ணெயாகத் திரண்டு, பிரீதர் பாதையின் மிகக் குளிர்ந்த மூலையில் போய் ஒட்டுகிறது.

எண்ணெய் மூடியின் உட்பக்கம் அந்த வெண்ணெயைப் பார்த்ததும் "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா, அதில் எண்ணெய் மிதக்கிறதா, டிப்ஸ்டிக்கிலும் எண்ணெய் பால்போல வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லாமல் மூடியில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது குட்டைப் பயணத்தின் ஈரம்தான்.

இன்னொரு குற்றவாளியைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். தெர்மோஸ்டாட். "நம்ம நாட்டுச் சூட்டுக்கு அது எதுக்கு" என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டிய சூடு அது இல்லை. தெர்மோஸ்டாட் பொதுவாக எண்பது டிகிரியை ஒட்டித்தான் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் காற்று அடிக்கும்போது எஞ்சின் அரைச் சூட்டிலேயே ஓடும், எண்ணெயில் இருக்கும் ஈரம் போகவே போகாது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். சூடேறும் கார் என்றால் ரேடியேட்டரையும் ஃபேனையும் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வைத்தியம் ஆகாது. உங்கள் காரில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லை என்றால் உங்கள் பிரீதர் அடைத்ததற்குப் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது.

சுத்தம் செய்வதற்கு வருவோம். வால்வு மலிவான பொருள், கழுவிக்கொண்டிருக்க வேண்டாம், புதிதே போடுங்கள். ஆனால் உங்கள் எஞ்சினுக்கு உரியதாக இருக்கட்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வால்வுகளில் ஸ்பிரிங்கும் துளையும் வேறுபடும். வால்வே இல்லாமல் வெறும் ஹோஸை நேராக இணைத்துவிட்ட கார்களையும் பார்த்திருக்கிறேன். ஐடலில் எண்ணெய் ஆவியை அப்படியே உறிஞ்சும், பிளக் கருக்கும்.

ஹோஸ் எண்ணெய்க்குத் தாங்குகிற ரப்பராக இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயையோ ரேடியேட்டர் ஹோஸ் துண்டையோ மாட்டினால் எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகும், வெற்றிடத்தில் நடுவே ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே வழி மூடியிருக்கும். கண்டுபிடிக்க நேரம் தின்னும் கோளாறு இது.

அடுத்து வால்வு கவர். அதன் உட்பக்கம் பிரீதர் துளைக்கு நேராக ஒரு தகட்டுத் தடுப்பு இருக்கும். எண்ணெய்த் துளிகளைப் பிரித்துக் கீழே விட்டு, வாயுவை மட்டும் மேலே அனுப்புவது அதன் வேலை. களிம்பு முதலில் குடியேறும் இடமும் அதுதான். அந்தத் தகடு பலவற்றில் கழற்ற வராது. கவரை எடுத்து, துளைகள் வழியாக மண்ணெண்ணெய் நிறைத்து ஒரு இரவு ஊறவிட்டு, குலுக்கி வடித்து, திரும்பவும் ஊறவிட்டு, வடிகிற திரவம் தெளிவாக வரும்வரை செய்யுங்கள். பிறகு காற்றடித்துக் காயவையுங்கள். பிளாஸ்டிக் கவராக இருந்தால் கடுமையான கெமிக்கல் வேண்டாம். கேஸ்கெட் மாற்றியபோது யாராவது இதைச் செய்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். கவர் கையில் இருந்த நேரத்தில் செய்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

கவரைக் கழற்றும்போது உள்ளே கேம்ஷாஃப்ட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பொன்னிறமாக இருந்தால் நல்லது. தார் பூசியதுபோல இருந்தால் அடியில் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையும் அப்படித்தான் இருக்கும். அந்த நிலையில் எஞ்சின் ஃபிளஷ் என்று டின்னில் விற்பதை ஊற்றாதீர்கள். மொத்தமாகப் பெயர்ந்து வரும் களிம்பு சல்லடையை அடைத்தால் எண்ணெய் அழுத்தம் போய் பேரிங் போகும். சாதாரண எண்ணெயை ஊற்றி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றி, இரண்டு மூன்று தடவையில் மெதுவாகக் கரைத்தெடுப்பதே பாதுகாப்பு.

இவ்வளவும் செய்து, இழுப்பு நன்றாக இருந்தும் குழாயில் அழுத்தம் காட்டுகிறது என்றால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஊகம் வேண்டாம், கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக, மூன்று பிளக்கும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் நிறுத்தி, பெடலை முழுதாக மிதித்து, நல்ல பேட்டரியோடு சுற்ற வேண்டும். பெடலை மிதிக்காமல் பார்த்தால் எண் குறைவாகத்தான் வரும், அதைக் காட்டி யாரும் உங்களை ஏமாற்றிவிடலாம். இந்த மாதிரி எஞ்சின்களில் 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை வருவது சாதாரணம். எண்களைவிட முக்கியம் மூன்றுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம், பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங் பக்கம், அசையாவிட்டால் வால்வு பக்கம். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திப் பார்க்கும் லீக்-டவுன் கருவி ஈப்போவில் பெரிய பட்டறைகளில் கிடைக்கலாம். அதில் பார்த்தால் இன்னும் தெளிவு: எண்ணெய் மூடி வழியாகச் சீறினால் ரிங், எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு.

ஒரு எச்சரிக்கை. கம்ப்ரெஷன் நன்றாக இருந்தும் எண்ணெய் குடிக்கும் எஞ்சின் உண்டு. கீழே இருக்கும் எண்ணெய் வழிக்கும் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டால் அப்படி ஆகும். கம்ப்ரெஷன் எண் அதைக் காட்டாது.

மேட்டில் வந்த நீலப் புகைக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைப் பெட்டியிலிருந்து கழற்றி, பெட்டியின் துளையை அடைத்துவிடுங்கள். ஹோஸின் முனையை, கழுத்தில் காற்றுத் துளை போட்டுத் துணி சுற்றிய ஒரு கெட்டியான புட்டிக்குள் விட்டு, எக்ஸாஸ்ட் சூடு படாத இடத்தில் இறுகக் கட்டுங்கள். பிறகு தார் ரோட்டில் மட்டும், அதே சுமையோடு ஒரு மேடு ஏறிப் பாருங்கள். செம்மண் பாதையில் வேண்டாம், தூசு உள்ளே போகும். புகை நின்று புட்டியில் எண்ணெய் சேர்ந்திருந்தால் அது பிரீதர் வழியாகப் போய் எரிந்த எண்ணெய். புட்டி காலியாக இருந்து புகை அப்படியே வந்தால் எண்ணெய் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ போகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் பெடலை விட்டிருந்து மறுபடி மிதிக்கும்போது வந்தால், பெரும்பாலும் வால்வு சீல். இழுக்க இழுக்க விடாமல் வந்தால் ரிங். சோதனை முடிந்ததும் ஹோஸைப் பழையபடி மாட்டிவிடுங்கள்.

இந்தப் புட்டியைப் பார்த்ததும் உங்களுக்கு, பிரீதர் ஆவியிலிருக்கும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஆயில் கேட்ச் டேங்க் ஞாபகம் வரும். பையன்கள் ஆசையாக மாட்டிக்கொண்டு திரிகிறார்கள், நீல அலுமினியத்தில் அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே தடுப்போ வலையோ இல்லாத மலிவு டப்பாக்களில் ஆவி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே போய்விடும். அதைவிட மோசம், மேனிஃபோல்டு துளையை அடைத்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே விடுவது. இழுப்பு போய்விடும், ஈரமும் பெட்ரோல் ஆவியும் எண்ணெயிலேயே தங்கும், ஏர்கான் வழியாக நாற்றம் உள்ளே வரும். தினமும் வேலைக்குப் போகும் 850க்கு அது தேவையே இல்லை. வாங்கும் காசுக்கு நல்ல எண்ணெய் ஒரு கேன் வாங்கலாம்.

பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "அண்ணே, ஓவர்ஹால் பண்றதுக்கு முன்னாடி பிசிவி வால்வும் ஹோஸும் மாத்தி, வால்வு கவரைக் கழுவி, கம்ப்ரெஷன் எடுத்து எண்களை எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். நல்ல ஃபோர்மேன் என்றால் சந்தோஷமாகச் செய்வார். எண்களை எழுதித் தர மறுத்தால் வேறு பட்டறை பாருங்கள்.

வால்வு கவர் கேஸ்கெட்டை அழுத்தம் சரியான பிறகு மாற்றுங்கள், அதற்கு முன் மாற்றினால் காசு வீண். போல்ட்டுகளைக் கோபத்தில் இறுக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும். அதன் பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டு, திராட்டில் பாடியையும் சுத்தம் செய்து, எண்ணெயை மேல் கோட்டில் வைத்து ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். கால் லிட்டர் அரை லிட்டர் குறைந்தால் இந்த வயசு எஞ்சினுக்கு அது பரவாயில்லை, ஊற்றி ஓட்டலாம். ஒரு லிட்டருக்கு மேல் குறைந்து, கம்ப்ரெஷனும் கீழே இருந்தால் ஓவர்ஹால் பேச்சை எடுக்கலாம்.

பின்சீலில் லேசாக ஈரம் இருந்தால் இப்போதே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். அழுத்தம் இறங்கியதும் அது நின்றுவிடவும் கூடும். நிற்காவிட்டாலும் கிளட்ச் நழுவாத வரைக்கும் அவசரம் இல்லை. அடுத்த முறை கிளட்ச் மாற்றும்போது எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும், அப்போது அதையும் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.